பிங்கியின் குரல்

அந்தச் சென்னைப் பள்ளியில் யார் எப்படிப் பேசினாலும், கேட்பவரின் காதுக்கருவி அதை ஒரே மாதிரித் தமிழாக்கிவிடும். அதனால் யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை.

வகுப்பறை வேற்றுமைகளை ஆராய்ந்த மூன்று மாணவிகளுக்கு, எல்லாரும் அக்கா என்றழைக்கும் இளம் ஆசிரியை நஸ்ரின்தான் வழிகாட்டி. எல்லாரிடமும் கேட்டாகிவிட்டது. வேற்றுமையே இல்லை என்றார்கள்.

"அப்படியே எழுதிடலாமா?" என்றாள் நஸ்ரின், அரைமனதாக.

"கருவியைக் கழட்டிட்டுக் கேட்டா என்னக்கா?" என்றாள் மூவரில் ஒருத்தியான பிங்கி. பீகாரிலிருந்து வந்த கொத்தனாரின் மகள் அவள்.

நஸ்ரினுக்குப் பக்கென்றது. "யாராவது சிரிச்சா?"

"சிரிக்கட்டும். முதல்ல நானே பேசுறேன்."

மறுநாள் வகுப்பே கருவியைக் கழற்றியது. பிங்கி தட்டுத்தடுமாறிய தமிழில் தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

பக்கத்து இருக்கைத் தோழி சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷமா ஒண்ணா இருக்கோம். உன் குரலை இன்னைக்குத்தான்டி கேக்குறேன்."

பிறகு சுகந்தி தன் வீட்டுப் பேச்சில் பேச எழுந்தாள். அடுத்து இன்னொருத்தன். மணி அடித்தும் யாரும் கிளம்பவில்லை.

பிங்கியை அணைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றாள் நஸ்ரின். வீட்டில் மட்டும் பேசும் உருது வாடை அதில் அப்படியே இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.