இரண்டாம் மாடிக் கதவு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் தோழி கிங்கா சொன்னதைத்தான் எழுதுகிறேன். போலந்தில், நோவா ஹுடாவில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்தது.

தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது. நான்காவதில் பான் ஸெனோன், தனியாக. எஃகு ஆலையில் முப்பத்தோரு வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். மூன்றாவதில் கிங்கா. இரண்டாவதில் பானி லெயோகாடியா, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பான், பானி என்பதெல்லாம் அங்கே ஐயா, அம்மா என்பதுபோல.

போன நவம்பரில் பான் ஸெனோனுக்கு மாரடைப்பு வந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அதே வாரம் பானி லெயோகாடியா ஆரம்பித்துவிட்டார்.

பான் ஸெனோனுடைய பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், கதவு திறக்கும்.

"பான் ஸெனோன், கொஞ்சம் நில்லுங்க. இது என்ன?"

"எது?"

"இந்த ஈரம். நேத்து என்னோட முறை. முழங்கால் தேய படி துடைச்சிருக்கேன். பூட்ஸைத் தட்டிட்டு வரணும்னு உலையில யாரும் சொல்லித் தரலியா?"

ஒரு நாள் பனிச்சேறு. மறுநாள் பையிலிருந்து வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் சொட்டியது. இன்னொரு நாள் அவர் வாசல் கதவைச் சரியாகச் சாத்தாததால் கட்டடத்துச் சூடெல்லாம் வெளியே போய்விட்டது. ஒன்றும் அகப்படாத நாளில், 1987இல் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளம் தட்டிய விவகாரம்.

பான் ஸெனோனும் விடமாட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு, "ஊர்த் தபாலை எல்லாம் தப்பான வீட்டுக்கு அனுப்பினவங்க எனக்குப் புத்தி சொல்றாங்க" என்பார். கொஞ்ச நேரம் இப்படியே போகும். கதவு படாரென்று சாத்தப்படும்.

கிங்காவுக்கு இது பொறுக்கவில்லை. நோயாளியிடமா இப்படி? கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாம் அவர்மேல் அக்கறையாக இருந்தார்கள். அவர் திரும்பி வந்த அன்றைக்கே ஆளுக்கு ஒரு கை பிடித்து வழியில் உட்கார்ந்து போக இரண்டாம் மாடியில் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவர் அதை அன்று மாலையே தூக்கிக்கொண்டு போய் நிலவறையில் வைத்துவிட்டார்.

"நான் ஒண்ணும் கிழவன் இல்ல" என்று மட்டும் சொன்னாராம்.

மகள் எவெலினாதான் அதற்குக் காரணம். நான்கு மாடி ஏற முடியாவிட்டால் அப்பாவைத் தான் இருக்கும் க்தான்ஸ்க் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் முடிவாகச் சொல்லியிருந்தாள். அவருடைய சீட்டாட்டக் கூட்டாளிகள், டிராம் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்துண்டு, தக்காளிக் கொட்டகை, எல்லாமே இங்கே. எங்கும் நிற்காமல் ஏறுகிறேன் என்று தொலைபேசியில் தினமும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

மார்ச்சில் எவெலினா சொல்லாமல் வந்து இறங்கினாள். டிராம் நிறுத்தத்திலேயே அப்பாவைப் பிடித்துவிட்டாள். அவர் கையில் தோட்டத்துக்கு வாங்கிய எருமூட்டை. முன்னால் அவர் ஏற, பின்னால் அவள் ஒவ்வொரு படியாகக் கவனித்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் மாடிக் கதவு திறந்தது.

மூட்டையிலிருந்து மண் சிந்துகிறதாம். பானி லெயோகாடியா மகளையும் விட்டுவைக்கவில்லை.

"நீங்கதான் பொண்ணா? நல்லதாப் போச்சு. அப்பாவுக்குக் காலைத் துடைக்கக் கத்துக்குடுத்துட்டுப் போங்க."

எவெலினா முகம் சிவந்துபோய் நின்றாள். ஆறேழு நிமிடம் கழித்துத்தான் கதவு சாத்தப்பட்டது. அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடிக்குப் போய், தானே பூட்டைத் திறந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

ஊருக்குக் கிளம்புமுன் அவள் கிங்காவின் கதவைத் தட்டினாள்.

"அப்பா நல்லா ஏறுறார். எங்கேயும் உட்காரல, மூச்சும் வாங்கல. இங்கேயே இருக்கட்டும். ஆனா அந்தப் பொம்பளைய ஏதாவது பண்ணணும். அவங்ககிட்ட எங்கப்பாவ விட்டுட்டுப் போறது எனக்கு மனசு கேக்கல."

கிங்கா முதலில் நேரிலேயே போய்க் கேட்டுப் பார்த்தாள். "என் மாடியில யார் கால் வெச்சாலும் பேசுவேன். என் வாய்" என்றார் பானி லெயோகாடியா.

அதன் பிறகுதான் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். முதியவர் ஒருவரைத் தினமும் துன்புறுத்துகிறார், கண்டிக்க வேண்டும் என்று. பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். பாக்கி ஒரே ஒரு கையெழுத்து, துன்பப்படுகிறவருடையது.

பான் ஸெனோன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்மா."

இரண்டு மாதமாகியும் அவர் கொடுக்கவில்லை.

"பாவம், அவ்வளவு பயம்" என்றாள் கிங்கா.

நான் அப்படியே எழுதியிருப்பேன். ஆனால் முகம் தெரியாத ஒருவரைக் கொடுமைக்காரி என்று எழுதக் கை வரவில்லை. மே மாதத்தில் ஒரு வாரம் கிங்கா வீட்டில் தங்கி, மூன்றாம் மாடியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

சண்டை உண்மைதான். கையில் பை இருந்த நாட்களில் ஏழு நிமிடம், வெறுங்கையோடு வந்த நாட்களில் மூன்று. ஏழு நாளும் நடந்தது, அவர் மேலே ஏறி வரும்போது.

கீழே இறங்கும்போது அந்தக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.