ஐஸுக்கு அடியில்

காரின் பின்கதவைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவுகிறாள் லொரெட்டா. வீட்டுக்குள் சாண்ட்விச் கட்டிக்கொண்டிருக்கும் கணவன் வெண்டல் வருவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். ஏப்ரல் குதிரைப் பந்தயத்தில் அவன் கையில் விஸ்கி பாட்டிலைப் பார்த்த அன்றே, இன்னொரு முறை குடித்தால் உன்னை விட்டுக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். இன்று மறுபடி போகப்போவது அதே லெக்சிங்டன் பந்தய மைதானம், கார்களை நிறுத்திவிட்டுக் காலையிலேயே ஊற்றிக்கொடுக்கும் அதே கூட்டம். அங்கே விஸ்கியில் கலக்கும் புதினாவை நேற்று அவன் கட்டுக்கட்டாக வாங்கி வந்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கறிக்குழம்பு ஃபிளாஸ்க்கை முகர்கிறாள்; வெறும் மிளகு வாசனை. ஐஸுக்கு அடியில் விரலில் கண்ணாடி தட்டுகிறது. முத்திரை உடைந்த விஸ்கி பாட்டில், கழுத்து வரை செம்பழுப்பாக வெயிலில் மின்னுகிறது.

"என்ன கண்ணு, எலி பிடிக்கிறியா?" கூடையோடு நிற்கிறான் வெண்டல்.

"பிடிச்சுட்டேன். யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"வெக்கமில்லாம சொல்ற!"

"குடிச்சுப் பாத்துட்டுத் திட்டு."

ஒரு வாய் கவிழ்த்து, தொண்டை எரியக் காத்திருக்கிறாள். இறங்குவது சில்லென்ற புதினாத் தேநீர்.

"வெறுங்கையோட நின்னா விடமாட்டானுங்க, ஊத்திடுவானுங்க. ஏப்ரல்லயும் பாட்டில்ல இதே டீதான்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பியா?"