ஆளுயர ஏரியல்

“இருக்கறதுலயே உயரமான ஏரியல் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா. நாலு மணிக்குள்ள வேணும்.”

காரை விட்டு இறங்கும்போதே சொன்னாள் அந்தப் பெண். மெக்கானிக் கார் கூரை மேலிருந்த ஏரியல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். வாய் திறந்தால் மூட மாட்டார் என்பதால் கடைத்தெருவில் அவருக்கு ‘ரேடியோ’ என்றே பெயர்.

“இது நல்லாத்தானேம்மா இருக்கு?”

“எட்ட மாட்டேங்குது. போன மாசம் வரைக்கும் எட்டிச்சு.”

“நடுவுல ஏதாவது எழுப்பியிருப்பாங்க.”

“ஆமா. சுவரை ஒசத்திட்டாங்க.”

“அதுக்குன்னு நீளமாப் போட்டா ஆச்சாம்மா? வர்ற அலைக்குத் தக்க அளவுலதான் ஏரியல் இருக்கணும். மீறினா சிக்னல் குறையுமே தவிர ஏறாது. இப்ப வர்ற வண்டில கம்பியே இல்ல, மீன் துடுப்பு மாதிரி குட்டியா ஒண்ணு. காத்துல ஆடாது, கிளையில மாட்டாது. அதைப் போட்டுடவா?”

“அது வேண்டாம்ணா. ஒசரம்தான் வேணும்.”

“நாலு மணிக்கு அப்படி என்னம்மா, பாட்டா?”

“இன்னைக்கு விட்டா அடுத்த ஞாயிறுதான்” என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் ‘ரேடியோ’வையே அணைத்துவிட்டது.

பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த ஆளுயரக் கம்பியைக் கொண்டுவந்து கூரையில் பொருத்தினார். அவள் அதன் நுனியில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டினாள்.

“ரிப்பனைக் காத்து இழுக்கும்மா.”

“இழுக்கட்டும்.”

ஒயரை உள்ளே இழுத்து ரேடியோவில் மாட்டுவதுதான் பாக்கி. ஸ்க்ரூடிரைவர் எடுக்கக் கடைக்குள் போய்த் திரும்பினால், கூலி மேசை மேல் இருந்தது, காரைக் காணவில்லை.

அரைகுறை வேலை வெளியே போனால் அவருக்குச் சோறு இறங்காது. ஸ்கூட்டரை எடுத்தார். தூரத்தில் வண்டிகளுக்கு மேலே ஊசலாடிய ரிப்பன்தான் வழி காட்டியது. ஒரு பங்களாவின் மதிலை ஒட்டிக் கார் நின்றிருந்தது. மதிலின் மேல்வரிசைச் செங்கல் இன்னும் பூசாமல் புதிதாக இருந்தது.

“ஒயரே மாட்டாம வந்துட்டீங்களேம்மா” என்றபடி காருக்குள் தலையை விட்டார். ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

“என் பொண்ணு அவங்கப்பா வீட்டுல இருக்கா. பாக்க விட மாட்டேங்கறாங்கண்ணா” என்றவள், வெளியே கையை நீட்டிக் கம்பியை ஆட்டினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒட்டடைக் கம்பு ஒன்று மெல்ல எழுந்து ஆடியது.