முதலில் ஒரு டம்ளர் தண்ணீர்

கிட்ட வாங்க கண்ணுங்களா, கொஞ்சம் கோபமான கதை ஒண்ணு சொல்றேன்.

ஆர்டர் வராததால் ஒரு கம்பெனியில் ஐம்பது தாண்டியவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு, அங்கே லேத் மெஷின் ஓட்டும் ஒருவரின் முறை. சாப்பாட்டு மேஜையில் மனைவியை மேனேஜராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார்.

அவள் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"அதைக் கெடுக்கத்தானே சார் கூப்பிட்டீங்க! நல்ல வயசையெல்லாம் உங்க மெஷினுக்குக் கொடுத்தாச்சு. இப்பத் துரத்தினா எவன் வேலை கொடுப்பான்? கிழவனானா சோத்துக்கு என்ன வழி?"

"கம்பெனி நிலைமை உங்களுக்கே தெரியும். நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி..."

"அடிப்பாவி, அசல் மேனேஜராவே பேசுறியே!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போகட்டும், என் வேலை போனாலும் உன் துணிக்கடை வேலை இருக்கு. ஆமா, தண்ணி எதுக்கு?"

"விஷயத்தைச் சொல்றதுக்கு முன்னாடி கொடுப்பாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கண் சிவந்தது. "இன்னைக்கு மத்தியானம் கடையில எனக்குக் கொடுத்தாங்க. மரியாதைன்னு நினைச்சு, தேங்க்ஸ் வேற சொல்லிக் குடிச்சுத் தொலைச்சேன். நீங்க குடிக்காதீங்க. அவன் மூஞ்சியிலேயே ஊத்திட்டு வாங்க!"

உங்க வீட்டு ஆளுங்களுக்கு யார் தண்ணி நீட்டினாலும், அது தாகத்துக்காக மட்டுமே இருக்கட்டும், கண்ணுங்களா.