விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய்

கண்டி, மஹய்யாவ வீட்டின் முன்னறையில் அமலதாஸ் கணினியைப் போட்டதும், பெட்டிக்குப் பின்னாலிருக்கும் சின்ன விசிறி கடகடவென்று இரைகிறது. குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்த தவமணி மேசைக்கடியில் குந்திவிடுகிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து அவனைக் கலியாணம் செய்து வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை; அங்கே இந்தச் சத்தம் வானத்திலிருந்து, சுட வரும் ஹெலிகொப்டரோடு வரும். அவன் சட்டென்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தானும் மேசைக்கடியில் நுழைந்து அவளருகே உட்காருகிறான். "ஹெலி இல்ல தவமணி, இதுக்குள்ள இருக்கிற காத்தாடிதான்." அவள் சிரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. யாருக்கோ அடிக்க வேண்டிய கலியாணக் கார்ட் பாதியில் நிற்கிறது. அவன் அவசரப்படவில்லை. அவளுடைய மூச்சு சீராகும் வரைக்கும் இருந்துவிட்டு, பெட்டியைக் கழற்றி விசிறியின் தூசியை ஊதுகிறான். இருவருக்கும் தும்மல் வருகிறது. தையல் மெஷின் எண்ணெயை அவளே தேடி எடுத்து வருகிறாள். "ஒரு சொட்டுக் காணுமோ?" "போதும். நீயே விட்டுப் பாரேன்." அவள் விட்ட சொட்டு, சன்னல் வெயிலில் மினுங்கி உள்ளே இறங்குகிறது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, பிளக்கையும் செருகி, அவன் சுவிட்சுக்குக் கையை நீட்டும்போது, "பொறுங்கோ, நான் போடுறன்" என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு போடுகிறாள். மெல்லிய காற்று மட்டும் வருகிறது. அதன் முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடி, "பாவம் இது, தன்ர பாட்டில சுத்துது" என்கிறாள்.