மூன்றாவது பாட்டில்

ஆரப்பாளையம் லாட்ஜின் மொட்டைமாடி விளக்கை ஈசல்கள் மொய்க்கின்றன. கீழே ஒரு நடத்துனர் உசிலம்பட்டி, உசிலம்பட்டி என்று தொண்டை கிழியக் கத்துகிறார். பெனடிக்ட் பெங்களூரிலிருந்து சட்டைகளுக்குள் சுருட்டிக் கொண்டுவந்த மூன்று வகைக் கருப்பு ஸ்டவுட் பியர் பாட்டில்களில் இரண்டு காலி. ஒவ்வொன்றுக்கும் மார்க் போட, விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவும் ஒரு நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறான். நாக்கு கெட்டுவிடக் கூடாதென்று காலையிலிருந்து உறைப்பைத் தொடவில்லை. எதிரே ராம்கி, மிளகு ஈரலை மென்றபடியே தம்ளரை ஒரே மடக்கில் கவிழ்க்கிறான். "எப்படிடா இருக்கு?" என்கிறான் பெனடிக்ட். "சூப்பர் மாப்ள. பத்துக்குப் பத்து." "மொதப் பாட்டிலுக்கும் அதத்தானடா சொன்ன!" "ரெண்டும் கருப்பாத்தான இருக்கு." பெனடிக்டுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நோட்டை மூடிவிட்டு, தட்டில் மிஞ்சிய ஈரலையெல்லாம் அள்ளி வாயில் திணித்து நறநறவென்று மெல்கிறான். கடைசிக்கென்று பொத்திவைத்திருந்த மூன்றாவதை ராம்கி திறந்து ஊற்றுகிறான். பழுப்பு நுரை எழும்பி மெல்ல அடங்குகிறது. இருவரும் குடிக்கிறார்கள். பெனடிக்டுக்கு மிளகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ராம்கி தம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறான். இன்னொரு வாய், இந்த முறை மெதுவாக. "மாப்ள, இது வேறடா. மொதல்ல வரக்காப்பி. அப்பறம் கருகின கருப்பட்டி. உள்ள எறங்குறப்ப லேசா ஒரு புளிப்பு. எழுதிக்க." கண்ணில் நீர் முட்ட, பெனடிக்ட் நோட்டைத் திறக்கிறான்.