மிஸ் வீட்டு விலாசம்

"உந்தப் பிள்ளையளுக்கு அக்கறை எண்டதே கிடையாது!"

ஜெகதீஸ்வரி மிஸ் ரிசீவரை டக்கென்று வைத்தார். ஹட்டனில் எங்கள் கொம்பியூட்டர் நிலையத்தை நடத்தும் யாழ்ப்பாணத்து மிஸ்.

கோபத்துக்குக் காரணம் கொழும்பிலிருந்து வந்த பட்டியல். இலவசப் படிப்புக்கு இன்டர்நெட்டில் விண்ணப்பம் போடத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிய தோட்டத்துப் பிள்ளைகள். இன்று ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் படிப்பு போச்சு.

"ஏன் அனுப்பேல்லை எண்டு கேட்டால், 'சரிங்க மிஸ், சரிங்க மிஸ்' எண்டுபோட்டு வைக்குதுகள். ஜீவராஜ், நான் பாங்குக்குப் போட்டு வாறன். மிச்சப் பேருக்கு நீ எடு."

மிஸ் படியிறங்கியதும் நான் மிஸ் ஆனேன்.

தோட்டத்துப் பெரியதொரை, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா, பொகவந்தலாவை பஸ் கொண்டக்டர்... எல்லாருடைய குரலும் என் தொண்டையில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும். குரல் உடைகிற வயசு வேறு. மேலேயும் போகும், கீழேயும் போகும்.

"ஹலோ, பரிமளமோ? ஜெகதீஸ்வரி மிஸ் கதைக்கிறன். பயப்படாதையும் பிள்ளை. ஏன் பாதியில விட்டனீர்?"

"அது வந்துங்க மிஸ்... வீட்டு நம்பர் கேக்குதுங்க. வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துக் காம்பராவுக்கு ஏதுங்க நம்பரு?"

"அப்ப வீதியின்ர பேரைப் போடுமன்."

"வீதிங்களா? எங்க வாசலுக்கு முன்னால தண்ணிக் கான்தாங்க ஓடுது."

அடுத்தது பூண்டுலோயாப் பையன் சோலைமலை.

"நான் போட்டேங்க மிஸ். 'அஞ்சாவது லயம், கக்கூசுக்குப் பக்கத்துக் காம்பரா'ன்னு. செவப்புக் கோடு போட்டுருச்சு. கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருதுன்னு அதை எழுதினா, அதுக்கும் செவப்பு. வெக்கமாப் போச்சுங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

எல்லாரும் விழுந்தது அதே பள்ளத்தில். கொழும்பில் அந்தப் படிவத்தைச் செய்தவருக்கு, வீடென்றால் வீதியில்தான் நிற்கவேண்டும்.

எனக்குக் குறும்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யோசிக்காதையும் பிள்ளை! என்ர வீட்டு விலாசத்தைப் போடும். இலக்கம் பதினேழு, கோயில் வீதி, ஹட்டன். உடன நெட் கடைக்கு ஓடிப்போய் அனுப்பும்!"

எல்லாருக்கும் அதே விலாசம்.

கடைசிப் பெயரை மட்டும் நான் கூப்பிடவில்லை. அந்தப் பயலை எனக்குத் தெரியும், தேறமாட்டான்.

மூன்று கிழமை கழித்து மிஸ் என் காதைப் பிடித்தார். மற்றக் கையில் ஒரு கட்டுக் கடிதம்.

"எல்லாருக்கும் இடம் கிடைச்சிருக்கு. 'வீட்டில ஹொஸ்டல் நடத்துறீங்களா' எண்டு தபால்காரர் கேக்கிறார். என்ர குரலில ஆரடா கதைச்சது?"

"நாந்தான் மிஸ்... எப்படித் தெரியும்?"

"அண்டைக்குக் குடையை மறந்துபோய்த் திரும்பி வந்தனான். என்ர விலாசத்தை நானே குடுக்கிறதை, கதவுக்கு வெளியில நிண்டு முழுக்கக் கேட்டனான்."

காதை விட்டுவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். இலக்கம் பதினேழு, கோயில் வீதி. அதற்கு மேலே என் பெயர்.

அந்தக் கடைசிப் பயல் நான்தான். எனக்கும் லயம்தானே.

"மிஸ், நான் அனுப்பவே இல்லையே!"

"எல்லாருக்கும் எடுத்தனி, உனக்கு நீ எடுக்கேல்லை. அண்டைக்கு நீ போனாப்பிறகு கொழும்பில இருந்து கோல் வந்தது. விண்ணப்பத்தில போன் நம்பர் எண்டு நீ இந்த நிலையத்தின்ர நம்பரைத்தானே குடுத்திருக்கிறாய். விலாசம் மட்டும் உன்ர வாயால சொன்னால், தாங்களே நிரப்பி அனுப்புறம் எண்டு சொல்லிச்சினம்."

"நான் இங்க இல்லையே மிஸ். அப்ப யாரு பேசுனது?"

மிஸ் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, உடைந்த குரலில், அச்சு அசலாக நான்:

"ஹலோ, நாந்தாங்க ஜீவராஜ் பேசுறேன். விலாசந்தானே? எழுதிக்கிங்க..."